ரொட்டியில் மறைந்திருந்த பகை

வரலாறு என்றவுடன் அரசர்களின் பெயர்களும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளும் மாணவர்களின் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின் நோய்களுக்கும் வரலாறு உண்டு. ஒரு நோயை இன்னதென்று மனிதன் அறிந்துகொண்ட கதை, ஒரு கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்த கதையைவிடச் சுவையிற் குறைந்ததன்று. அத்தகைய ஒரு கதையை இன்று உங்களுக்குக் கூற விழைகிறேன். நோய் இருக்குமிடம் நமது சிறுகுடல். அந்நோயை உண்டாக்கும் பகைவனோ, உலக மக்களிற் பெரும்பகுதியினர் நாள்தோறும் உண்டு உயிர்வாழும் கோதுமை.

சிறுகுடல் என்னும் பெயரைக் கேட்டு அதனைச் சிறியது என்று எண்ணிவிடலாகாது. வளர்ந்த மனிதனிடத்தில் அதன் நீளம் ஏறக்குறைய 6 மீட்டர். பெருங்குடலோ ஒன்றரை மீட்டர்தான். குழாயின் அகலம் குறைவாதலால் சிறுகுடல் என்றனர். நாம் உண்ணும் சோறும் பருப்பும் நெய்யும் செரித்து உடம்பிற் சேரும் இடம் இதுவே. அதன் உட்பரப்பைப் பெருக்கிக் காட்டும் கண்ணாடியிற் பார்த்தால், கம்பளத்தின் இழைகளைப் போல நெருங்கி நிற்கும் நுண்ணிய விரல்களைக் காணலாம். குடலுறிஞ்சிகள் என்று உங்கள் பாடநூல்கள் கூறுவன அவையே. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் உயரங்கூட இராது. எனினும் அவை இலட்சக்கணக்கில் நின்று பரப்பைப் பெருக்குவதால்தான் உண்ட உணவின் சாரம் வீணாகாமல் இரத்தத்தை அடைகிறது. அவ்விரல்கள் தேய்ந்து மழுங்கி, கம்பளம் வெறும் சாக்குத் துணியைப் போலாகிவிட்டால் என்ன நேரும்? எவ்வளவு உண்டாலும் உண்டது உடம்பில் ஒட்டாது. குழந்தை உண்டுகொண்டேயிருக்கும், அதே வேளையில் பட்டினியால் மெலிந்துகொண்டுமிருக்கும்.

இந்நிலையை முற்காலத்தவர் அறியாமலில்லை. கி.பி. முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டில் சிற்றாசியாவின் கப்படோக்கியா என்னும் நாட்டினராகிய அரிட்டேயஸ் என்ற கிரேக்க மருத்துவர், உணவு செரியாமல் கழிந்துபோகும் நாட்பட்ட நோயொன்றை விவரித்தார். கிரேக்க மொழியில் கொய்லியா என்றால் வயிறு. அச்சொல்லிலிருந்தே சீலியாக் என்னும் இன்றைய பெயர் தோன்றிற்று. நமது ஆயுர்வேத நூல்களும் கிரகணி என்ற ஒன்றைப் பேசுகின்றன. அச்சொல் நோயையும் குறிக்கும். அந்நோய் தங்கும் உறுப்பையும் குறிக்கும். ஆனால் கிரகணி என்பது ஒரே நோயின் பெயரன்று, தோற்றத்தில் ஒத்த பலவற்றுக்குப் பொதுப்பெயர் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். பழஞ்சொல் ஒன்றைக் கண்டவுடன், இன்றைய அறிவியல் முழுவதும் அன்றே இருந்ததென மார்தட்டுவோரும் உளர், அவர்களோடு சேர்வதற்கில்லை.

புதுக்கால வரலாறு இலண்டன் மாநகரில் தொடங்குகிறது. 1887-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையில் சாமுவேல் ஜீ என்னும் மருத்துவர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அது மறு ஆண்டு அச்சில் வந்தது. பெரும்பாலும் ஒன்று முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளைப் பிடிக்கும் நோய் இது என்றார். மலம் வெளிறி, கூழ்போலத் தளர்ந்து, உண்டதற்கு மிஞ்சிய அளவாய், தாங்கொணா நாற்றத்துடன் கழியும். கை கால்கள் சூம்பும். வயிறு மட்டும் உப்பி நிற்கும். முகம் வெளுக்கும். குழந்தை விளையாட்டை மறந்து சிணுங்கிக்கொண்டிருக்கும். பல குழந்தைகள் மடிந்தன. பிழைத்தவையும் வயதுக்கேற்ற வளர்ச்சி பெறவில்லை.

ஜீ மருந்துகளில் நம்பிக்கை வைக்கவில்லை. இந்நோய் தீருமாயின் அது உணவினாலேயே தீரும் என்ற கருத்தை அவர் தெளிவாகவே கூறினார். நம் திருக்குறளிலும் மருந்து என்னும் அதிகாரம் பெரிதும் உணவைப் பற்றியே பேசுவதை நீங்கள் கற்றிருப்பீர்கள். ஆனால் எந்த உணவு என்ற கேள்விக்கு விடை காணும்போதுதான் அப்பெரியவர் இருட்டில் தடவினார். அரிசியும் ஜவ்வரிசியும் ஆகா என்று விலக்கினார். மெல்லியதாக அரிந்து இருபுறமும் நன்றாக வாட்டிய ரொட்டியை ஏற்றுக்கொண்டார். நன்மை செய்வதை விலக்கி நஞ்சைக் கொடுத்த விந்தை இது! எனினும் அவருடைய சொற்பொழிவில் ஒரு குழந்தையின் கதை வருகிறது. அக்குழந்தைக்கு நாள்தோறும் ஒரு லிட்டருக்குச் சற்று மேற்பட்ட அளவு டச்சு நாட்டுக் கடற்சிப்பிகளை உண்ணக் கொடுத்தனர். அது வியக்கத்தக்க முறையில் தேறிற்று. சிப்பிக் காலம் முடிந்தது; நோய் திரும்பிற்று. அடுத்த ஆண்டு சிப்பி கிடைத்தபோது, குழந்தை அதனை வாயில் வைக்கவே மறுத்துவிட்டதாம். வயிறு நிறையச் சிப்பி உண்ட குழந்தை ரொட்டியை உண்டிராது என்பது இன்று நமக்கு எளிதாகப் புலப்படுகிறது. சிப்பி வந்த டச்சு நாட்டிலிருந்தே பின்னர் விடையும் வந்தது தற்செயலான பொருத்தம்.

அமெரிக்காவில் ஹெர்ட்டர் என்பவர் 1908-இல் இந்நோயைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன்பின் ஐரோப்பியர் பலர் இதனை ஜீ-ஹெர்ட்டர் நோய் என்றே வழங்கலாயினர். அவர் குடலிலுள்ள கிருமிகளின்மேல் பழியைச் சுமத்தினார். அது நிலைக்கவில்லை.

அடுத்து வருபவர் நியூயார்க் நகரத்துச் சிட்னி ஹாஸ். இவர் வரலாற்றில் நாம் சிறிது நின்று சிந்திக்கவேண்டியிருக்கிறது. போர்ட்டோ ரிக்கோத் தீவில், ரொட்டி மிகுதியாக உண்ணும் நகரத்தார் குடல்நோயால் வருந்துவதையும், வாழைப்பழத்தையே பெரிதும் உண்ணும் குடியானவர்கள் அந்நோயின்றி வாழ்வதையும் அவர் அறிந்தார். 1924-இல் பத்துக் குழந்தைகளைப் பற்றி எழுதினார். வாழைப்பழ உணவு பெற்ற எட்டுக் குழந்தைகள் தேறின. பெறாத இரண்டும் இறந்தன. மருத்துவ உலகம் வாழைப்பழத்தைக் கொண்டாடிற்று. நம் ஊர்க் கடைகளில் தார்தாராகத் தொங்கும் பழம், அங்கே உயிர் காக்கும் மருந்தாயிற்று. பெற்றோர் அதனை என்ன விலை கொடுத்தேனும் வாங்கினர்.

இதில் பிழை எங்கே இருக்கிறது? குழந்தைகள் பிழைத்தது உண்மை. காரணம் கூறியதில்தான் பிழை. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த செய்தியில் இரண்டு பொருள்கள் இருந்தன: ஒன்று வாழைப்பழம், மற்றொன்று ரொட்டி. ஹாஸ் முதலாவதைப் பிடித்துக்கொண்டார், இரண்டாவதை விட்டுவிட்டார். வாழைப்பழத்துக்கு நோய் தீர்க்கும் தனியாற்றல் உண்டென்று நம்பினார். பழம் உண்ட குழந்தைகள் ரொட்டி உண்ணாமலிருந்தனர் என்பதுதான் உண்மைக் காரணம். சிகிச்சை பலித்ததால் அதன் விளக்கமும் சரியென்று ஆகிவிடுமா என்று தருக்கநூல் கற்கும் கல்லூரி மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம். இது வெறும் ஏட்டுச் சிக்கலுமன்று. நோய் முற்றும் நீங்கிற்று என்று கருதப்பட்ட குழந்தைகள் மீண்டும் வழக்கமான உணவுக்கு அனுப்பப்பட்டனர். கோதுமை மீண்டும் அவர்கள் தட்டில் வந்தது. வெளித்தோற்றத்தில் நலமாக இருந்தவர்களிற் சிலர் பின்னாளில் எலும்பு நலிவுக்கும் வேறு கேடுகளுக்கும் ஆளாயினர்.

இனி டச்சு நாட்டுக்கு வருவோம். அங்கே 1905-இல் பிறந்த வில்லெம் காரெல் டிக்கெ என்பவர், முப்பத்தொன்றாம் வயதில், 1936-இல், ஹேக் நகரத்து ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். ஏறக்குறைய அந்தக் காலத்தில் ஓர் இளந்தாய் கூறியதாக ஒரு செய்தி அவர் கவனத்தை ஈர்த்தது. சீலியாக் நோயுற்ற தன் குழந்தைக்கு ரொட்டியை நிறுத்தினால் உடம்பிலுள்ள தடிப்பு விரைவில் மறைகிறது என்பதே அச்செய்தி. மருத்துவ நூல் எதனையும் கற்றிராத ஒரு பெண்ணின் பேச்சு அது. படித்தவர்கள் அத்தகைய பேச்சைப் புன்முறுவலுடன் ஒதுக்குவது எந்த நாட்டிலும் காணக்கூடியதே. டிக்கெ ஒதுக்கவில்லை. கோதுமை இல்லாத உணவைச் சில குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்.

1940 மே மாதத்தில் ஜெர்மானியப் படைகள் டச்சு நாட்டைக் கைப்பற்றின. வாழைப்பழம் வருவது நின்றது. அடுத்த ஆண்டில், 1941-இல், டிக்கெ தம் நாட்டு மருத்துவ இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். வாழைப்பழமும் பிற பழங்களும் இப்போது கிடைப்பதில்லை. ஆதலால் எளியதோர் உணவுமுறையைக் கையாள்கிறேன். அதில் ரொட்டியும் ரஸ்க்கும் இருத்தல் கூடாது. கஞ்சி கொடுக்கலாம், ஆனால் கோதுமை மாவு கலவாத கஞ்சியாக இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். ஆரவாரமற்ற அக்கட்டுரைக்கு அன்று பெருங்கவனம் கிட்டவில்லை. ஆண்டினை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது பின்னால் தேவைப்படும்.

1944 செப்டம்பரில், நேச நாட்டுப் படைகளுக்குத் துணையாக, இலண்டனில் இருந்த டச்சு அரசாங்கம் இரயில்வே ஊழியர்களை வேலைநிறுத்தம் செய்யுமாறு கேட்டுக்கொண்டது. அதற்குப் பழிவாங்க, நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்வதை ஜெர்மானியர் தடுத்தனர். தடை ஓரளவு தளர்ந்தபோதோ குளிர்காலம் முந்திக்கொண்டது. கால்வாய்களில் நீர் உறைந்து படகுகள் நின்றன. ஆம்ஸ்டர்டாம், ஹேக், ராட்டர்டாம் ஆகிய செழிப்பான நகரங்களில் மக்கள் பசியால் தெருவில் விழுந்தனர். ஒருவருக்கு நாளொன்றுக்குக் கிடைத்த பங்கீட்டு உணவு 1945 பிப்ரவரி இறுதியில் 600 கலோரிக்கும் கீழே இறங்கிற்று. கால்நடைக்குரிய சர்க்கரைக் கிழங்கையும், பூவுக்காகப் பயிரிட்ட டூலிப் கிழங்கையும் வேகவைத்து உண்டனர். இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நாட்டார் இதனைப் பசிக் குளிர்காலம் என்று இன்றும் வழங்குகின்றனர்.

இத்துயரின் நடுவே ஜூலியானா மருத்துவமனையில் ஒரு புதுமை காணப்பட்டது. ஊரிலுள்ள குழந்தைகளெல்லாம் மெலிந்துகொண்டிருக்க, சீலியாக் நோயுற்ற குழந்தைகள் மட்டும் மோசமடையாமல் தேறிவந்தன. ரொட்டியே இல்லாத காலம் அல்லவா? பின்பு சுவீடன் நாட்டார் கப்பலில் அனுப்பிய மாவினால் செய்த வெள்ளை ரொட்டி மக்களுக்கு வழங்கப்பட்டது; ஏப்ரல் இறுதியில் ஆங்கில விமானங்களும் தொடர்ந்து அமெரிக்க விமானங்களும் உணவு மூட்டைகளை வானிலிருந்து இட்டன. ஊரார் அந்த ரொட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்டனர். ஆனால் கோதுமை திரும்பியபோது இக்குழந்தைகளுக்கு நோயும் திரும்பிற்று.

பஞ்சத்தின் நடுவே ஒரு மருத்துவர் தற்செயலாக உண்மையைக் கண்டுவிட்டார் என்று பல நூல்கள் இக்கதையைக் கூறுகின்றன. கேட்பதற்கு இனிய கதைதான். ஆயின் 1941-ஆம் ஆண்டுக் கட்டுரை அதற்கு இடங்கொடுக்கவில்லை. பஞ்சம் வருவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே ரொட்டியை நிறுத்துங்கள் என்று எழுதியவர் அவர். அந்தக் குளிர்காலத்தில் அதே பசியையும் அதே ரொட்டியையும் கண்ட மருத்துவர்கள் நாட்டில் எத்தனையோ பேர் இருந்தனர். குழந்தைகள் தேறியதையும் பின்னர்த் தளர்ந்ததையும் ரொட்டியோடு பொருத்திப் பார்க்க, முன்பே ஐயங்கொண்ட ஒரு மனம் வேண்டியிருந்தது. ஐயத்தை டிக்கெயின் மனத்தில் விதைத்தவள் பெயர் தெரியாத அந்தத் தாய். பஞ்சம் சாட்சியாக வந்தது.

சாட்சி வேறு, நிரூபணம் வேறு. போர்க்காலத்தில் ரொட்டி மட்டுமா இல்லாமற் போயிற்று? பாலும் கொழுப்பும் இறைச்சியும்கூடத்தான் அருகிப்போயின. எனவே போர் முடிந்தபின் டிக்கெ உட்ரெக்ட் நகரில், வான் டி காமர் என்ற வேதியியலாரையும் வெய்யர்ஸ் என்ற குழந்தை மருத்துவரையும் துணைகொண்டு அளந்தறியும் வேலையில் இறங்கினார். நோயின் கடுமையைக் குழந்தையின் முகத்தைப் பார்த்து மதிப்பிடுவதை விடுத்து, எண்ணால் அளக்கவேண்டும். உண்ணும் கொழுப்பு எவ்வளவு என்பது தெரியும். மலத்தில் வெளியேறுவது எவ்வளவு என்று தெரிந்தால், குடல் உறிஞ்சியது எவ்வளவு என்ற கணக்குக் கிடைத்துவிடும். வரவு செலவுக் கணக்கு எழுதுவதைப் போன்றதே இது. அதற்கு எளிய முறையொன்றை வான் டி காமர் வகுத்து, 1949-இல் வெளியிட்டார். நாள்தோறும் மலத்தைச் சேகரித்து, நிறுத்து, கொழுப்பைப் பிரித்து அளப்பது முகஞ்சுளிக்கத்தக்க தொழில்தான். அதனைத் திங்கட்கணக்கில் செய்தனர்.

கோதுமையைச் சேர்த்தால் வெளியேறும் கொழுப்பு ஏறிற்று, நீக்கினால் இறங்கிற்று. குழந்தையின் எடைக்கோடும் அதற்கேற்ப இறங்கி ஏறிற்று. ரை என்னும் தானியமும் தீங்கு செய்தது. அரிசியும் மக்காச்சோள மாச்சத்தும் தீங்கு செய்யவில்லை. கோதுமையிலிருந்து பிரித்தெடுத்த தூய மாச்சத்துங்கூடத் தீங்கு செய்யவில்லை! ஜீ காலந்தொட்டு மாச்சத்தின்மேல் சுமத்தப்பட்டிருந்த பழி இத்துடன் அகன்றது. இவ்வாராய்ச்சியை 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் டிக்கெ தம் டாக்டர் பட்டத்துக்குரிய நூலாக அளித்தார். தேறிவிட்ட குழந்தைக்கு, தீங்கென்று ஐயுற்ற பொருளை மீண்டும் கொடுத்துச் சோதித்தது முறையா என்று உங்களில் யாரேனும் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். அவ்வாறு ஐயமறத் தெளியாமல், உலகிலுள்ள எல்லாச் சீலியாக் குழந்தைகளையும் வாழ்நாள் முழுவதும் ரொட்டியின்றி இருக்கச் சொல்ல முடிந்திராது என்பதே நான் கூறக்கூடிய விடை.

மாச்சத்து குற்றவாளியன்று எனின், குற்றவாளி யார்? இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் சார்லட் ஆண்டர்சன் என்ற அம்மையாரும் அவருடன் பணியாற்றியோரும் 1952-இல் அதற்கு விடை வெளியிட்டனர். அதன் அடிப்படையை நீங்கள் வீட்டிலேயே கண்கூடாகக் காணலாம். சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஓர் உருண்டையை எடுத்து, நீரில் மெல்லப் பிசைந்து அலசிக்கொண்டேயிருங்கள். நீர் பால்போல வெளுக்கும், அவ்வெண்மைதான் மாச்சத்து. நீர் தெளியும்வரை அலசினால், இழுத்தால் நீளும் பசைபோன்ற ஒரு பொருள் கையில் எஞ்சும். அதுவே குளூட்டன் என்னும் புரதம். ரொட்டி உப்புவதும் பரோட்டா மாவு வீச்சுக்கு இழுபடுவதும் இதனால்தான். அரிசி மாவில் இத்தகைய பசை கிடையாது. கழுவியெடுத்த மாச்சத்தைக் குழந்தைகள் தாங்கின. எஞ்சிய குளூட்டனைத் தாங்கவில்லை.

காரணம் விளங்கிற்று, ஆனால் குடலுக்குள் என்ன நேர்கிறது என்பதை அதுவரை எவரும் கண்டதில்லை. சிறுகுடல் இருக்கும் இடம் அத்தகையது. வாய்வழியே சென்றால் இரைப்பையைத் தாண்டவேண்டும். மறுபுறம் பெருங்குடல் முழுவதையும் கடக்கவேண்டும். இறந்தவர் உடலை அறுத்துப் பார்ப்பதிலும் பயனில்லை. ஏனெனில் உயிர் நீங்கிய சிறிது நேரத்துக்குள் சிறுகுடலின் உட்சவ்வு தானே சிதையத் தொடங்கிவிடும். அங்கே காணும் கேடு நோயினால் வந்ததா, சாவினால் வந்ததா என்று யார் கூறவல்லார்? இந்தத் திரையை விலக்கியவர் பாலி என்னும் ஆங்கில மருத்துவர். உயிருடன் இருப்போரிடம் அறுவைச் சிகிச்சையின்போது எடுத்த குடல் துணுக்குகளில், உறிஞ்சிகள் கெட்டிருப்பதை அவர் 1954-இல் எடுத்துக்காட்டினார். வயிற்றைக் கிழிக்காமலே துணுக்கெடுக்கும் குழாயொன்றை இலண்டனில் மார்கட் ஷைனர் அம்மையார் 1956-இல் அமைத்தார். மறு ஆண்டு அமெரிக்கப் படை மருத்துவர் கிராஸ்பி, குக்ளர் என்பாருடன் சேர்ந்து, இன்னும் எளிய கருவியைச் செய்தார். மெல்லிய குழாயின் நுனியில் ஒரு சிறு உலோகக் கூடு. நோயாளி அதனை விழுங்குவார். அது சிறுகுடலை அடைந்ததை எக்ஸ் கதிரால் அறிந்தபின், குழாயின் மறுமுனையில் காற்றை உறிஞ்சுவர். உட்சவ்வின் சிறு பகுதி கூட்டின் துளைக்குள் இழுபடும். வில்லால் இயங்கும் சிறு கத்தி அதனைச் சட்டென்று துணித்துவிடும். கூட்டை வெளியே இழுத்தால், நோயின் இருப்பிடத்திலிருந்தே ஒரு சாட்சி கைக்கு வந்துவிடுகிறது. கோதுமையை நிறுத்திய நோயாளிகளிடம் சில காலங்கழித்து மீண்டும் துணுக்கெடுத்துப் பார்த்தபோது, மழுங்கிய உறிஞ்சிகள் மறுபடி தளிர்த்திருந்தன.

இக்கருவி நம் தமிழ்நாட்டிலும் ஒரு பெரும்பணி செய்திருக்கிறது. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அன்றைய வட ஆர்க்காட்டு மாவட்டக் கிராமங்களில் ஒருவகைக் கழிச்சல் நோய் கொள்ளையாகப் பரவிற்று. வாரக்கணக்கில், திங்கட்கணக்கில் நீடித்தது. உடல் மெலிவு, சோகை, நாக்குப் புண் எல்லாம் உடன் வந்தன. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆஸ்திரேலிய நாட்டவரான செல்வின் பேக்கரும், வி. ஐ. மாத்தனும் அவர்தம் குழுவினரும் ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்தனர். வெப்பநாட்டு ஸ்ப்ரூ என்பது அந்நோயின் பெயர். 1759-இலேயே பார்படோஸ் தீவில் ஹில்லரி என்பவர் இதனை வருணித்திருக்கிறார். குடல் துணுக்கைப் பார்த்தால் சீலியாக் நோயை ஓரளவு ஒத்திருக்கும். ஆனால் அரிசியுண்ணும் அந்தச் சிற்றூர் மக்களிடம் கோதுமையைப் பழிக்க வழியில்லை. இது கிருமித் தொற்றைத் தொடர்ந்து வருவதாகக் கருதப்படுகிறது; ஃபோலிக் அமிலம், பி-12 வைட்டமின், டெட்ராசைக்ளின் முதலியவற்றால் குணப்படுத்தினர். இன்னொன்றையும் வேலூரார் கண்டனர். நோயே இல்லாத நம் கிராமத்தாரிற் பலருக்கும் குடலுறிஞ்சிகள் மேனாட்டார் நூற்படங்களில் உள்ளவாறு நெடியனவாக இல்லை. சற்றுக் குட்டையாகவும் அகன்றும் இருந்தன. ஆகவே இலண்டனில் எழுதிய இலக்கணத்தைக் கொண்டு இங்கே நோயைத் தீர்மானிக்க முடியாது. துணுக்கோடு, உண்ணும் உணவையும் நோயின் போக்கையும் சேர்த்தே எடைபோடவேண்டும் என்பது தெளிவாயிற்று.

பிந்திய முன்னேற்றங்களை விரைந்து கூறிவிடுகிறேன். குறிப்பிட்ட சில மரபணுக்களை உடையோருக்கே சீலியாக் நோய் வருகிறது. அவர்களிலும் மிகச் சிலருக்கே வருகிறது. அத்தகையோரின் உடற்காப்பு மண்டலம் குளூட்டனைக் கண்டு கலங்கி, சொந்தக் குடலையே தாக்குகிறது. அத்தாக்குதலில் இலக்காகும் நொதியை 1997-இல் ஜெர்மானிய அறிஞர்கள் இன்னதென்று கண்டபின், எளிய இரத்தச் சோதனை ஒன்று நடைமுறைக்கு வந்தது. இன்று முதலில் இரத்தத்தைச் சோதித்து, பின்னர் உள்நோக்கிக் குழாயைச் செலுத்தித் துணுக்கெடுத்து உறுதி செய்கின்றனர். 2000-ஆம் ஆண்டுக்குப்பின், விழுங்கத்தக்க மாத்திரை வடிவப் படக்கருவியும் வந்துவிட்டது. அது சிறுகுடல் முழுவதையும் படமெடுத்துக்கொண்டே கீழிறங்குகிறது.

இந்நோய் குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று என்பதும் இப்போது தெளிவு. கழிச்சலே இல்லாமல், இரும்புச் சத்து மாத்திரைக்கு அசையாத சோகையாகவோ வளர்த்திக் குறைவாகவோ அது மறைந்திருப்பதுண்டு. 2016-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு நம் சிந்தனைக்கு உரியது. நோய்க்கு அறிகுறியான எதிர்ப்பொருள்கள் வடஇந்தியாவில் நூற்றுவரில் ஒருவருக்குச் சற்று மேலாகவும், தென்னிந்தியாவில் ஆயிரவரில் ஒருவருக்கு என்ற அளவிலும் காணப்பட்டன. ஆயினும் நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணுக்கள் இரு பகுதியாரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன! வேறுபாடு பெரிதும் உண்ணும் கோதுமையின் அளவில் இருந்தது. நம் வீடுகளிலும் விடுதிகளிலும் இரவுணவு சோற்றிலிருந்து சப்பாத்திக்கும் பரோட்டாவுக்கும் மாறிவருவதை நோக்கும்போது, தென்னாட்டு மருத்துவர்கள் இந்நோயை மேலும் நினைவில் வைத்திருக்கவேண்டும் என்றே தோன்றுகிறது. இதனைக் கேட்டு, நோயில்லாத எவரும் கோதுமைக்கு அஞ்சவேண்டியதில்லை. அது நல்ல உணவே.

நோய் உறுதிப்பட்டவர்க்குச் சிகிச்சை டிக்கெ எழுதியதுதான்: குளூட்டன் அறவே இல்லாத உணவு, வாழ்நாள் முழுவதும். கோதுமை என்றால் ரவை, மைதா, சேமியா எல்லாம் அடங்கும்; பார்லியும் ரையும் விலக்கு. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, பருப்பு வகைகள் அனைத்தும் உண்ணலாம். இட்லியும் தோசையும் உண்டு வளரும் குழந்தைக்கு, டச்சுக் குழந்தையைக் காட்டிலும் இவ்வகையில் துன்பம் குறைவு. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஐயத்தின்பேரில் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பின்னர்ச் சோதனைக்குச் செல்லலாகாது. நிறுத்தினால் குடல் தேறத் தொடங்கும், எதிர்ப்பொருளும் குறையும், சோதனை நோயில்லை என்று பொய்யுரைக்கும். முதலிற் சோதனை, பின்னரே பத்தியம். பத்தியம் தொடங்கிய பின்னும் மருத்துவர் அவ்வப்போது குழந்தையின் எடையையும் உயரத்தையும் குறித்து, இரத்தத்தை மீண்டும் சோதிப்பார். எதிர்ப்பொருள் குறையாமல் நின்றால், தாய் அறியாமல் எங்கோ கோதுமை நுழைகிறது என்று பொருள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். ஆதலால் அறிந்த மருத்துவர்கள், வீட்டுக்குச் சென்றவுடன் பெருங்காய டப்பாவின்மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துப் பார்க்குமாறு கூறி அனுப்புகின்றனர்.